அப்பா தலையாட்டியதற்கு என்ன அர்த்தம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சேலம் சிவதாபுரத்தில் உங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து ஒரு வியாபாரி வந்து மாதிரிகளைப் பார்த்தார். “500 கொலுசு, 45 நாளில் முடியுமா?” என்று கேட்டார். அப்பா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். வந்தவர் கைகொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இப்போது சரக்கு என்றைக்குப் புறப்படும் என்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அப்பாவோ, “நான் பார்க்கலாம்னுதானே சொன்னேன்” என்கிறார். எந்த நாட்டுக்காரர் எந்தச் சைகையை எப்படி எடுத்துக்கொள்வார் என்று பட்டியல் ஏதும் உண்டா என்று கேட்கிறீர்கள்.

பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் ‘இல்லை’, கட்டைவிரலை உயர்த்தினால் ஈரானில் வசவு, விரலை வட்டமாக்கிக் காட்டினால் ஜப்பானில் காசு, பிரேசிலில் கெட்ட வார்த்தை. இதெல்லாம் சரிதான். ஆனால் இதை மனப்பாடம் செய்துகொண்டு பட்டறையில் உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை. அந்த ஜெர்மன்காரர் எந்தச் சைகையும் காட்டவில்லையே. காட்டியவர் அப்பா. அதனால் முதலில் நம் உடம்பு நமக்கே தெரியாமல் என்ன பேசிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம்.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் 22 வருடம் வேலை பார்த்தேன். கணக்கு எழுதுவதுதான் வேலை. இங்கிலீஷ் பேச வரும் என்பதால், காபி வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களைச் சேலம் ஜங்ஷனில் இறக்கி மலைக்கு அழைத்து வருவதும் என் தலையில் விழுந்தது. நான் தெரிந்துகொண்டதில் பாதி அந்த மலைப்பாதையில்தான். மீதி, பிற்பாடு ஆர்வத்தில் படித்தது.

ஒருமுறை இங்கிலாந்துக்காரர் ஒருவர் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில், மேலிருந்து இறங்கி வந்த பஸ் ஒன்று வளைவுக்கு முன்னாலேயே ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தது. எங்கள் டிரைவர் சட்டென்று ஓரங்கட்டி நிறுத்தினார். வந்தவருக்குப் புரியவில்லை. “அவர்தான் நமக்கு வழி விட்டாரே, ஏன் நிறுத்தினீர்கள்?” என்றார். அவர் ஊரில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’ என்று அர்த்தம். நம் ஊரில் ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், ஒதுங்கு’. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் நாட்டுச் சாலை விதிப் புத்தகம் நம் பழக்கத்துக்குத்தான் கிட்ட வருகிறது. நீங்கள் அங்கே இருப்பதைத் தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்க வேண்டும், வேறு சேதி சொல்ல அல்ல என்று அதில் இருக்கிறது. ஜனங்கள் தங்களுக்குள் வேறொரு அர்த்தம் வைத்துக்கொண்டார்கள். (மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. அதை அந்த பஸ்ஸிடம் யார் போய்ச் சொல்வது?)

ஒரே விளக்கு, நேர் எதிரான இரண்டு அர்த்தம். இதற்காக எந்த ஜாதகப் பொருத்தமும் பார்க்க வேண்டியதில்லை. தெருவில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் போதும், அதுவே அர்த்தமாகிவிடுகிறது.

இப்போது அப்பாவின் தலைக்கு வருவோம். பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1969இல் உடல் அசைவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். உங்களுக்கு இரண்டு வகை தெரிந்தால் போதும். ஒன்று, சொல்லுக்குப் பதிலாக வருவது. உதட்டில் விரல் வைத்தால் ‘பேசாதே’. அதற்கு ஓர் ஊரில் ஒரே பொருள்தான், அகராதியில் எழுதிவிடலாம். இன்னொன்று, பேச்சை ஓட்டுவதற்காக வருவது. எதிரே இருப்பவர் பேசும்போது நாம் ‘ம்’ கொட்டுகிறோமே, அந்த வகை. ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. கதை கேட்கிற பிள்ளை ‘ம்’ கொட்டினால் கதையை ஒப்புக்கொண்டதாகவா ஆகும்?

நம் ஊர்த் தலையாட்டல் இரண்டு வேலையையும் செய்கிறது. அதுதான் சிக்கல். ஒருமுறை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்தினால் ‘சரி’. கண்ணை மூடித் திறந்தபடி சாய்த்தால் ‘சரிங்க, அப்படியே செஞ்சிடலாம்’, பெரியவர்களிடம் காட்டுவது. வேகமாகப் பலமுறை ஆட்டினால் ‘புரியுது, புரியுது, மேல சொல்லுங்க’. மெதுவாக ஆட்டி, உதட்டை லேசாகப் பிதுக்கி, பார்வையை வேறெங்கோ விட்டால் ‘பார்க்கலாம்’. அந்தப் ‘பார்க்கலாம்’ பாதி நேரம் ‘முடியாது, ஆனா உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது’ என்பதாகவும் இருக்கும். உங்கள் அப்பா காட்டியது கடைசி வகை என்று நினைக்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எந்த வெள்ளிக் கடைக்காரரும் அதை ஒரு நொடியில் படித்திருப்பார். ஜெர்மன்காரருக்குத் தெரிந்தது இரண்டே அசைவு. மேலும் கீழும் என்றால் ஆம், பக்கவாட்டில் திருப்பினால் இல்லை. இது இரண்டிலும் சேரவில்லை. கூடவே அப்பா சிரித்தும் இருப்பார், டீயும் வந்திருக்கும். அவர் தனக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

இது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் பேச்சுக்கு நடுவே அடிக்கடி ‘ஹாய், ஹாய்’ என்பார்கள். அகராதியில் பார்த்தால் ‘ஆம்’ என்று இருக்கும். பேச்சின் நடுவில் அது வெறும் ‘ம்’தான். நீங்கள் விலையைச் சொல்லி முடிக்கும்வரை ‘ஹாய்’ போட்டுவிட்டு, கடைசியில் பல்லிடுக்கில் மூச்சை ‘ஸ்ஸ்’ என்று உள்ளே இழுத்தால் வியாபாரம் கஷ்டம் என்று அர்த்தம். எங்கள் தோட்டத்துக்கு வந்த ஜப்பானியரும் எங்கள் மேலாளரும் ஒரு மணி நேரம் ஒருவர் தலையை ஒருவர் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

இன்னொன்று நாக்கைத் தட்டும் ‘ச்’. “பெரிய சைஸ் இருக்குதா?” என்றால் கடைப் பையன் ‘ச்’ என்பான். இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். இங்கிலீஷ்காரர் காதில் அது அதட்டலாக விழும். நீ கேட்டதே தப்பு என்கிற மாதிரி. அதே சத்தத்தை இரண்டு மூன்று தடவை சேர்த்து விட்டால் நமக்கே ‘அய்யோ பாவம்’ ஆகிவிடுகிறது. கிரேக்கர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களும் தலையை மேல்நோக்கி வெட்டி ‘ச்’ என்றால் ‘இல்லை’தான். இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. டெஸ்மண்ட் மாரிஸ் என்ற விலங்கியலாளரின் குழுவினர் ஐரோப்பாவில் 40 ஊர்களில் 20 சைகைகளை விசாரித்து 1979இல் வெளியிட்டார்கள். இத்தாலியின் தெற்குப் பகுதியில் தலையை மேலே வெட்டித்தான் ‘இல்லை’ சொல்கிறார்கள், வடக்கே போனால் பக்கவாட்டில் ஆட்டுகிறார்கள். இந்த எல்லை நேப்பிள்ஸுக்குச் சற்று வடக்கே விழுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கும் முன்னால் கிரேக்கர்கள் குடியேறிய பகுதியும் ஏறத்தாழ அங்கேதான் முடிகிறது. மொழி மாறியது, மதம் மாறியது, ஆட்சி எத்தனையோ மாறியது. கழுத்து மட்டும் மாறவில்லை.

அப்படியானால் இது ரத்தத்தில் வருவதா? இல்லை. டேவிட் எஃப்ரான் என்பவர் நியூயார்க்கில் குடியேறிய இத்தாலியர்களையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும் கவனித்து 1941இல் எழுதினார். முதல் தலைமுறையின் கையசைவைப் பார்த்தே யார் எவர் என்று சொல்லிவிடலாம். அமெரிக்கர்களோடு கலந்து வளர்ந்த பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. ஜெர்மனியில் நாஜிகள் சைகைக்கும் இனத்துக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு எஃப்ரான் சொன்ன பதில் இந்த ஆராய்ச்சி. இதைப் பார்க்க நியூயார்க் போக வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் நில்லுங்கள். வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், மார்வாடி என்று மொழி வேறு வேறாக இருக்கும். கல்லாவில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் தலை ஒரே மாதிரிதான் ஆடும்.

முகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிரிப்பும் அழுகையும் உலகத்துக்கே பொதுதானே என்று. கொஞ்சம் பொது. 1960களின் கடைசியில் எக்மன் பப்புவா நியூ கினி மலையில் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களைக் காட்டி, கோபம், பயம், அருவருப்பு, சோகம், மகிழ்ச்சி, வியப்பு ஆகிய ஆறும் எல்லா மனிதருக்கும் பொது என்றார். ரொம்ப நாள் அதுதான் பாடம். பிறகு 2016இல் கார்லோஸ் கிரிவெல்லி குழுவினர் அதே நாட்டின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் கேட்டார்கள். மேலைநாட்டார் ‘பயம்’ என்று சொல்லும் முகத்தை, அதாவது கண் விரிந்து வாய் பிளந்த முகத்தை, அங்கே பலர் ‘மிரட்டுகிறான்’ என்று படித்தார்கள். பயந்த முகமும் பயமுறுத்தும் முகமும் ஒன்றாகிவிட்டன.

தொல்காப்பியம் எண்ணிய மெய்ப்பாடு எட்டு. அதிலுள்ள பெருமிதம் எக்மனின் ஆறில் கிடையாது. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில், பிறவியிலேயே பார்வையில்லாத ஜூடோ வீரர்கள் வென்றதும் கையை உயர்த்தி நெஞ்சை விரித்ததைப் படங்களில் ஆராய்ந்து, பெருமிதமும் இயல்பாக வருவதுதான் போலிருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னால் எழுதினார்கள். யாரையும் பார்த்துக் கற்றிருக்க முடியாது அல்லவா. நான் இதை ‘நாங்கள் அன்றைக்கே சொன்னோம்’ என்று மார்தட்டச் சொல்லவில்லை. ஆறா எட்டா என்பதே எண்ணுகிறவர் எங்கே நின்று எண்ணுகிறார் என்பதைப் பொறுத்தது.

தொழிலும் முகத்தை மாற்றும். காபி ருசி பார்க்க வருகிறவர் கரண்டியில் எடுத்து ‘சர்ர்’ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. எங்கள் மேஸ்திரி முதல் தடவை அதைப் பார்த்து, “பிடிக்கலைங்களா, இப்படித் துப்புறாரு” என்று வாடிப்போனார். அந்த வருடம் நல்ல விலைக்குத்தான் எடுத்தார்கள். ஜெர்மன்காரர் உங்கள் மாதிரிகளைப் பார்த்துப் புருவம்கூடத் தூக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள்.

‘பேச்சில் 93 சதவீதம் சொல்லில் இல்லை, உடம்பில்தான் இருக்கிறது’ என்று பயிற்சி வகுப்பில் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். இது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் செய்த இரண்டு சோதனைகளிலிருந்து வந்த கணக்கு இது. சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. சோதனையில் முழு வாக்கியமே கிடையாது, ஒற்றை ஒற்றை வார்த்தைகள்தான். ஒரு சோதனையில் ஒரே ஒரு வார்த்தை. அதைத் தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட ‘பார்க்கலாம்’! அதை வெவ்வேறு குரலில் கேட்கவைத்து, வெவ்வேறு முகப் படத்தைக் காட்டி, பேசுகிறவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். சொல்லும் முகமும் முரண்பட்டால் பிரியத்தை எங்கே தேடுவோம் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவாகச் சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்? 93 உண்மை என்றால், மொழியே தெரியாத படத்தின் கதையை நாம் கிட்டத்தட்ட முழுசாகச் சொல்லிவிட வேண்டும். 45 நாள் என்பதைப் புருவத்தால் சொல்லிக் காட்டுங்கள் பார்ப்போம்.

சொல்லே இல்லாமல் எண்ணைச் சொல்வது ஓர் இடத்தில் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் கை மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையோடு சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கு ஒன்றும் தெரியாது, அதற்குத்தானே துண்டு. சோமாலியாவின் ஒட்டகச் சந்தையிலும் துணிக்கடியில் இதே மாதிரி கை பேசுகிறது. வளைகுடாவில் முத்து வியாபாரம் நடந்த காலத்தில் அங்கேயும் இப்படித்தான். இங்கே தவறு நேர்வது அபூர்வம். இரண்டு பேரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள், இரண்டு பேருக்கும் ‘இப்போது பேரம் நடக்கிறது’ என்று தெரியும். உங்கள் பட்டறையில் அந்த இரண்டுமே இல்லை. அப்பாவைப் பொறுத்தவரை அது பேரத்துக்கு முந்தைய உபசாரம். ஜெர்மன்காரருக்கு அதுதான் ஒப்பந்தம்.

கைவிரல் என்றதும் ஒன்று. ஜெர்மன்காரர்கள் கட்டைவிரலிலிருந்து எண்ணுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் இரண்டு. நம் ஆட்களுக்கு அது ‘இத்தனை நீளம்’ என்று காட்டுவதாகப் படலாம். பட்டறையில் விரலால் எண்ணிக்கை வேண்டவே வேண்டாம். தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

நாடு நாடாகப் பிரிக்கிறபோது ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நம் ஊருக்குள்ளேயே உடம்பு எல்லோருக்கும் ஒரே பேச்சைப் பேச அனுமதிக்கப்படவில்லை. தோட்டத்தில் வயதான ஆட்கள் சிலர் துரை முன்னால், அப்புறம் மேலாளர் முன்னால், தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பார்வையைத் தரையில் வைத்து நிற்பார்கள். “இந்தியர்கள் எவ்வளவு பணிவு!” என்று ஒரு விருந்தாளி நெகிழ்ந்தார். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. அது பணிவு இல்லை, துண்டு தோளில் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த பயம். அவர்களுடைய பேரன்கள் இன்றைக்கு நேராகப் பார்த்துப் பேசுகிறார்கள். ‘கலாச்சாரம்’ என்று யாராவது சொன்னால், அதை யார் யாருக்குக் காட்டினார்கள் என்று நான் ஒரு தடவை திருப்பிக் கேட்டுக்கொள்வேன்.

சரி, காரியத்துக்கு வருவோம். அப்பாவைத் தலையாட்டாமல் இருக்கப் பழக்கலாமா என்றும் கேட்டீர்கள். முடியாது, வேண்டவும் வேண்டாம். அறுபது வயதுக் கழுத்து அது. அதைக் கவனித்துக்கொண்டே இருந்தால் அவருக்கு வியாபாரம் ஓடாது. வருகிறவரிடம் முதலிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்: “அப்பா தலையாட்டினால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். முடியுமா முடியாதா என்பதை நான் வாயால் சொல்வேன்.” நாங்கள் அதைச் சொல்லத் தொடங்கிய பிறகு தோட்டத்தில் பாதிக் குழப்பம் போய்விட்டது. கிளம்புகிற நேரத்தில் எண்ணிக்கை, தேதி, டச்சு (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, எடை எவ்வளவு என்று நான்கு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஜெர்மன்காரர்கள் பெரும்பாலும் இதைக் கௌரவக் குறைவாக நினைக்க மாட்டார்கள், நிம்மதியாகத்தான் உணர்வார்கள். ‘45 நாள் ஆகாது, 70 நாள் ஆகும்’ என்று நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் விட்டு 46ஆவது நாள் தெரிந்தால்தான் கோபம் வரும்.

இந்தக் கடிதத்துக்குத் தேதி எழுதிப் பதில் போடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நமக்குக் கொலுசு என்றால் ஜோடி. ஒற்றைக் கொலுசு என்றால் மற்றது எங்கே தொலைந்தது என்று கேட்போம். ஐரோப்பாவில் பெண்கள் பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் போடுகிறார்கள், கடையில் ஒற்றையாகவே விற்கிறது. அவர் சொன்ன 500 எந்தக் கணக்கு? அப்பா 500 ஜோடி என்று நினைத்துத்தான் உதட்டைப் பிதுக்கியிருப்பார். அவர் ஒற்றையாக எண்ணியிருந்தால் மொத்தமே 250 ஜோடிதான். அதை 45 நாளில் முடிக்க முடியுமா என்று அப்பாவிடம் இன்றைக்கே கேளுங்கள். தலையைப் பார்க்காதீர்கள், வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள்.